ஒரு விரல் குறைந்த பெட்டி

அத்தியாயம் ஏழு

"உங்க கையை உள்ள வெச்சுப் பாருங்க" என்றார் சூரியபிரகாஷ்.

தௌசீப் அகமது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். முப்பத்தைந்து வருஷமாக உடம்போடு இருக்கும் கைகள். முன்பின் தெரியாத பெட்டிக்குள் விட்டுப் பார்க்க அவனுக்கு மனசில்லை.

மேஜைமேல் மூன்று மரப்பெட்டிகள் திறந்திருந்தன. மூன்றும் கையால் செய்தவை. உள்ளே சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ஆட்டுத்தோல் பதித்திருந்தது. வெல்வெட் மாதிரி மயிர் எழும்பிய ஸ்வேட் தோல். முதல் பெட்டியின் மெத்தையில் கைக்கடிகாரத்துக்கான பள்ளம். இரண்டாவதில் மூக்குக்கண்ணாடிக்கான பள்ளம். இன்று காலை கூரியரில் வந்த மூன்றாவதில் ஒரு கைக்கான பள்ளம். விரல் விரித்த வலது கை. அதில் மோதிர விரல் மட்டும் பாதியிலேயே நின்றிருந்தது.

"மூணும் காலியாத்தான் வந்துச்சா?" என்று கேட்டாள் பூங்குழலி.

"காலியாத்தான்." சூரியபிரகாஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "பெட்டியில அனுப்பினவன் பேரு இல்ல. வேலூர்லேருந்து கூரியர். மொதல்ல வாட்ச், அப்புறம் கண்ணாடி, இப்போ கை. இன்னா அர்த்தம்னு உங்களுக்குச் சொல்லணுமா? எடுக்கப்போறதுக்கு முன்னாடியே வைக்கறதுக்கு எடம் பண்ணி அனுப்பறான். என் பொண்ணு நந்தினி பாகாயத்துல டாக்டருக்குப் படிக்குறா. சர்ஜன் ஆகப்போற கை அது. இந்தப் பள்ளம் அவ கை அளவு."

"அவங்க வெச்சுப் பார்த்தாங்களா?"

"அவகிட்ட காட்டவே இல்ல. பெத்தவனுக்குத் தெரியாதா?"

மாதனூர் பக்கத்தில் சூரியபிரகாஷுக்கு ஒரே காம்பவுண்டுக்குள் தோல் பதனிடுகிற ஷாப்பும் ஷூ கம்பெனியும் இருந்தன. ஆயிரத்து இருநூறு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஜன்னல் வழியே நீல ஓவர்கோட் போட்ட நாலைந்து பேர் மைதானத்தைக் கடந்து போனார்கள். முதலாளி அறைப் பக்கம் ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை.

"போலீசுக்குப் போகலாமே?"

"பொண்ணு பேரு பேப்பர்ல வரக் கூடாது. நீங்க ஆளைக் கண்டுபிடிங்க. எடத்தை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அந்த 'மிச்சம்' தௌசீப்புக்குப் பிடிக்கவில்லை. துப்பறியும் அலுவலகத்தில் சேருவதற்கு முன் அவன் ஆம்பூரில் பத்து வருஷம் செருப்புக்கடையில் விற்பனையாளன். வந்தவர் காலை நீட்டும்போதே வாங்குகிற ஆளா, வெயிலுக்கு ஒதுங்கின ஆளா என்று சொல்லிவிடுவான். சூரியபிரகாஷின் கால்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. மகளை நினைத்துப் பயப்படுகிறவர் வாசலைப் பார்ப்பார். இவர் பெட்டிகளையே பார்த்தார்.

பூங்குழலி கைப் பள்ளம் வைத்த பெட்டியை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். அது அவளுடைய வழக்கம். வேலூரில் தனி அலுவலகம் போடுவதற்கு முன் அவள் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, எரிந்துபோன குடோன்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தவள். சாம்பலை மோந்தே தீ தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று சொல்லிவிடுவாள். இப்போது நாலு மூலையையும் நிதானமாக மோந்துவிட்டு, பெட்டியை மூடினாள்.

"மூணையும் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போங்க. என் வண்டியிலேயே போங்க. டிரைவர் இருக்கான், ஊர் பூரா தெரிஞ்சவன்."

தௌசீப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது பங்குனி வெயில் முதுகில் அறைந்தது. வண்டிக்குள் குளிர்ந்தது. அவர்களுடைய பழைய மாருதியில் ஏசி போட்டால் வண்டி நின்றுவிடும்.

"மேடம், இந்த சீட்டுல உக்காந்தா எனக்கே ரெண்டு கம்பெனி இருக்கிற மாதிரி தோணுது."

"உனக்கு இன்னா வாசனை வருது?"

அவன் மோந்தான். "தோல். மரம். அப்புறம்... தோசை மாவு மாதிரி ஏதோ புளிப்பு."

"இன்னா வாசனை வரல?"

தௌசீப் கொஞ்சம் யோசித்தான். சட்டென்று புரிந்தது. சொல்யூஷன். ஷூ ஒட்டுகிற அந்தப் பசையின் நெடி இல்லாத ஒரு தோல் சாமானை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவர்கள் தெருவில் குழந்தைகள் அம்மாவின் புடவை வாசனைக்கு முன்னால் சொல்யூஷன் வாசனையைத்தான் தெரிந்துகொள்ளும்.

பூங்குழலி வாட்ச் பெட்டியை மடியில் திறந்து வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். மயிர் எழும்பிய தோலில் ஓரிடத்தில் மட்டும் சின்னக் கொக்கி அளவுக்கு ஒரு தடம் படிந்திருந்தது. அடுத்து கைப்பெட்டி. அதில் ஒவ்வொரு விரல் ஓரத்திலும், எறும்பு வரிசை போன மாதிரி மெல்லிய கோடு.

"இவ்ளோ நறுவிசா வேலை பண்ணவங்க இந்தத் தடத்தை மட்டும் ஏன் விட்டாங்க?"

"கடைசியில டீ குடிக்கப் போய்ட்டாங்களோ என்னவோ" என்றான் தௌசீப்.

முன்சீட்டில் டிரைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஆம்பூர் ரயில்வே கேட் பக்கம் சத்தாரின் கடை. கம்பெனிகளில் வெட்டி மிச்சமான தோல் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறவர். தௌசீப் செருப்பு விற்ற காலத்திலிருந்தே தோஸ்த். கைப்பெட்டியைக் கையில் கொடுத்ததும் சத்தார் பேச்சை நிறுத்திவிட்டு, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தோலை விரலால் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் தடவினார்.

"பெட்டிக்குள்ள மெத்தை வைக்கறவன் மொதல்ல வெல்வெட்டுக்குத்தான் ஓடுவான்" என்றார். "பார்க்க ஷோக்கா இருக்கும். பசை ஒரு சொட்டு ஜாஸ்தி ஆச்சுன்னா முன்னால ஊறிவந்து மானத்தை வாங்கிடும். கம்பளித்துணின்னா பூச்சி புடிக்கும். பட்டுன்னா ஓரம் பிரியும். இது லைனிங்குக்குன்னே சீவின ஆட்டுத்தோலு. தேர்ந்தெடுத்தவங்களுக்குத் தோல் தெரிஞ்சிருக்கு."

"ஒட்டினவங்களுக்கு?" என்றாள் பூங்குழலி.

"அட்டையை ஒரு நூல் கம்மியா வெட்டி, மேல பஞ்சு வெச்சு, தோலைப் போர்த்தி, ஓரத்தைக் காகிதமா சீவி மடிச்சிருக்காங்க. பின்பக்கம் மட்டும்தான் பசை. முகத்துல ஒரு பொட்டு இல்ல. நாலு சுவத்துலயும் மயிரு பூட்டுப் பக்கமா பார்த்துப் படுத்திருக்கு பாருங்க. இது கம்பெனியில வருஷக்கணக்கா லைனிங் ஒட்டின பொம்பளை கை."

"ஆனா சொல்யூஷன் இல்ல."

"இல்ல. மைதா. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின மைதா." சத்தாரின் குரல் கொஞ்சம் தணிந்தது. "சொல்யூஷன் ரெண்டு நிமிஷத்துல புடிச்சுக்கும். மைதா ஒரு ராத்திரி பூரா காயணும். வேலை தெரிஞ்ச எவளும் இந்தப் பேஜாருக்குப் போகமாட்டா. இந்த ஊர்ல ஒரே ஒருத்தங்கதான். தெருவுல எவனாவது சொல்யூஷன் டப்பாவைத் தெறந்தாலே எழுந்து ஓடிடுவாங்க. போன ஆடியிலேருந்து அப்படித்தான். கம்பெனி வேலையையும் விட்டுட்டாங்க."

"யாரு பாய்?"

"ரஃபத் ஜஹான். பெரிய கிணத்துச் சந்துல கடைசி வீடு. நகைப்பெட்டி, அத்தர் பெட்டிக்கெல்லாம் உள்ள மெத்தை வெச்சுத் தர்றாங்க. நல்ல மனுஷி, அவங்களைப் போய்..."

சத்தார் சொல்லவந்ததை முடிக்கவில்லை. அவர் பார்வை தௌசீப்பின் தோளைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது. அங்கே டிரைவர் வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தான். கடைக்குள் பேசுவது கேட்கிற தூரம்தான்.

"அந்த வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

சத்தார் பெட்டியைச் சுடுபொருள் மாதிரி தௌசீப்பின் கையில் திணித்தார். "நான் எதையும் சொல்லல. நீங்க எதையும் கேக்கல. புரியுதா?" மணி நாலரைகூட ஆகவில்லை. அவர் ஷட்டரை இழுத்து மூடினார்.

பூட்டிய ஷட்டரைப் பார்த்துக்கொண்டு தௌசீப் நின்றான். வாயில் வந்த நகைச்சுவை ஒன்று வாயிலேயே செத்துப்போனது.

பெரிய கிணத்துச் சந்தில் கார் நுழையாது. டிரைவரை முனையில் விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். கடைசி வீட்டின் வாசல் கதவு, பின்கதவு, மூன்று ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு அட்டைத்துண்டின் மேலும் ஒரு கல். நடுவில் தாழ்வான மேஜை, அதன்மேல் பசைக்கிண்ணம், சீவுகிற கத்தி. மேஜையருகில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, நாலாவது பெட்டியின் மெத்தையை மிருதுவான பிரஷால் நீவிக்கொண்டிருந்தாள்.

தௌசீப் கொண்டுவந்த மூன்றையும் தரையில் வைத்தான். அவள் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"யாரு அனுப்பினாங்க?"

"சூரியபிரகாஷ் சார்" என்றாள் பூங்குழலி. "நான் பூங்குழலி. வேலூர்ல துப்பறியற ஆபீஸ் வெச்சிருக்கேன். இவரு தௌசீப்."

"பெட்டியில இன்னா இருந்துச்சுன்னு சொன்னாரு?"

"காத்து இருந்துச்சாம் ஆபா. மூணுலயும் காலி" என்றான் தௌசீப்.

பிரஷ் நின்றது. ரஃபத் ஜஹான் அவனையே பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டது, ஆனால் முகத்தில் வந்தது அழுகை இல்லை. எட்டு மாசமாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தவளின் முகம் அது.

"காலின்னா சொன்னாரு? மூணுமேவா? அவர் வாயாலயா?"

பூங்குழலி அந்தப் பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி நீவி விடறது எப்போ?"

"கடைசியா. ஒட்டறப்போ விரல் பட்டு மயிரு படிஞ்சிருக்கும். அதையெல்லாம் எழுப்பிவிட்டு, தடமே இல்லாம பண்ணிட்டுத்தான் பெட்டி வெளிய போகணும். வாங்கறவங்க தெறக்கறப்போ யாரும் தொடாத மாதிரி இருக்கணும் இல்ல?"

பூங்குழலி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். வாட்ச் பெட்டியைத் திறந்து அந்தக் கொக்கித் தடத்தின்மேல் விரல் வைத்தாள்.

"அப்போ இது நீங்க விட்டது இல்ல. நீவினதுக்கு அப்புறம் இதுல ஒரு வாட்ச் படுத்திருக்கு, ரெண்டு மூணு நாள். தௌசீப், அந்தக் கைப்பெட்டியைக் குடு. விரல் ஓரமா கோடு போட்டிருக்கு பாரு. தையல் கோடு. கைக்கு ஏதுய்யா தையல்?"

"கிளவுஸ்" என்றான் தௌசீப்.

"பெட்டி மூணும் நிரம்பித்தான் போயிருக்கு. உள்ள இருந்ததை எடுத்து ஒளிச்சுட்டு, வெறும் பெட்டியை நம்மகிட்ட காட்டியிருக்கார். எடுக்கப்போறதுக்கான பெட்டி இல்ல இது. ஏற்கெனவே போன உசுருக்கான பெட்டி. யாரும்மா அது?"

"கோவிந்தம்மா" என்றாள் ரஃபத் ஜஹான்.

அவள் சொன்னதை தௌசீப் பிறகு பல நாள் மறக்க முடியாமல் தவித்தான். சொன்ன விதம் அப்படி. அழாமல், நிறுத்தாமல், அட்டையை வெட்டுகிற மாதிரி நேராகச் சொன்னாள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்றுமதிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று பதினாலு பேரை மட்டும் ரகசியமாக வேலைக்கு வரச்சொன்னார்கள். லீவு நாளில் வேலை நடப்பது வெளியே தெரியக் கூடாது என்று ஷட்டரை இறக்கினார்கள். காற்று இழுக்கிற விசிறி ரிப்பேர். பதினாலு பேரும் மூடின அறையில் சொல்யூஷன் தடவி லைனிங் ஒட்டினார்கள். ரஃபத்தும் கோவிந்தம்மாவும் பன்னிரண்டு வருஷமாக ஒரே மேஜை. மதியம் கோவிந்தம்மா தலை சுற்றுகிறது என்றாள். வாட்சையும் கண்ணாடியையும் கிளவுஸையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். வரவில்லை. தேடப்போன ரஃபத்தை சூப்பர்வைசர் தடுத்து, அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார். மறுநாள் காலை ரயில் பாதை ஓரத்தில் உடம்பு கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை கம்பெனியே இல்ல, அந்தம்மா வேலைக்கே வரலன்னு ஓனர் போலீசுக்கு எழுதிக் குடுத்தாரு. வாயைத் தெறந்தா அடுத்தது நீதான்னு எங்க பதினாலு பேரையும் தனித்தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. தப்பு, பதிமூணு பேரை. நானும் வாயை மூடிக்கிட்டேன். அவ பொருளை மட்டும் டிபன் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். அவளுக்கு மோதிர விரல் பாதிதான். ரொம்ப நாள் முன்ன பிரஸ் மிஷின்ல போய்டுச்சு. கிளவுஸை அவளே பிரிச்சு அந்த விரலைச் சின்னதா தைச்சு வெச்சிருந்தா. அதுக்குள்ள பஞ்சு அடைச்சு, அவ கை மாதிரியே படுக்கவெச்சு அனுப்பினேன்."

"உங்ககிட்ட இருந்த சாட்சி அது மூணுதானே? அதையே அவர்கிட்ட குடுத்துட்டீங்களே?"

"கூரியர் கடையில உள்ள இருக்கிறதைத் தெறந்து காட்டச் சொல்வாங்க. அவங்க முன்னாடியே வீடியோ எடுத்துட்டுத்தான் மூடினேன். அவர் ஒழுங்கான ஆளா இருந்தா, செத்துப்போன என் தொழிலாளி பொருளை யாரோ அனுப்பறாங்கன்னு போலீசுக்குப் போயிருப்பாரு. இல்ல, அவ வீட்ல, அவ மகன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்திருப்பாரு. மறைச்சாருன்னா, அவரே ஒத்துக்கிட்ட மாதிரிதான். எப்படியாவது தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். நீங்க வந்து சொல்லிட்டீங்க."

"நாலாவது பெட்டி?"

"அதுல வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. சும்மா நீட்டா ஒரு பள்ளம் போட்டேன். இன்னாவா இருக்கும்னு அவரே நெனைச்சு நெனைச்சு பயப்படட்டும்னு."

பூங்குழலியின் முகம் மாறியது. "தௌசீப், டிரைவர் எங்க?"

அவன் வாசலுக்கு ஓடினான். சந்து முனை காலி. கார் நின்ற இடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது.

"வண்டி இல்ல மேடம்."

"எடத்தை மட்டும் சொல்லுங்கன்னாரு. சொல்லவே தேவையில்லாம வண்டியையும் குடுத்தாரு." அவள் பெட்டியைப் படீரென்று மூடினாள். "மோப்பம் புடிக்கற நாயா என்னைக் கூட்டிட்டு வந்து விட்டிருக்கான். நானும் வாலை ஆட்டிட்டு வந்திருக்கேன். யாருன்னே அவனுக்குத் தெரியாம இருந்தவங்களை ஒரே மத்தியானத்துல காட்டிக் குடுத்துட்டேன்."

மேடம் தன்னைத்தானே திட்டிக்கொள்வதைத் தௌசீப் கேட்டது அதுதான் முதல் தடவை. "பின்வாசல் இருக்கு. கிளம்பிடலாம்" என்றான்.

"எங்க போனாலும் நாளைக்கு வருவான்." பூங்குழலி போலீஸுக்குப் போன் போட்டு விலாசம் சொன்னாள். அங்கிருந்து வர அரைமணியாவது ஆகும் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. மாதனூரிலிருந்து வர கால்மணி போதும். ரஃபத் பக்கம் திரும்பினாள். "கம்பெனி பஸ் இங்க எத்தனை மணிக்கு வரும்?"

"அஞ்சே காலுக்கு முனையில ஆளுங்களை எறக்கும். எங்க சந்திலேயே முப்பது பேருக்கு மேல."

"தௌசீப், போ. பஸ் வந்ததும் அத்தனை பேரையும் இங்க கூட்டிட்டு வா. சத்தம் இல்லாம வரணும்."

"நீங்க?"

"நான் பேச்சுக் குடுத்துட்டு இருக்கேன்."

முனையில் நின்றபோது மணி ஐந்து பத்து. முதலில் வந்தது பஸ் இல்லை, அந்தக் கார். சூரியபிரகாஷ் இறங்கினார். கூட இரண்டு தடியர்கள். ஒருவன் கையில் ஐந்து லிட்டர் டப்பா ஆடியது. மூடி லேசாகத் திறந்திருக்க வேண்டும். சொல்யூஷன் நெடி சந்து முழுக்கப் பரவியது. பெட்டிக்கடை மறைவில் நின்ற தௌசீப்பைக் கடந்து அவர்கள் கடைசி வீட்டை நோக்கி நடந்தார்கள்.

தோல் ஒட்டுகிற வீட்டில் தீப்பிடிப்பது ஆம்பூரில் புதுசு இல்லை. இரண்டு வரிச் செய்தியோடு போய்விடும். ஐந்து பதினைந்து ஆனது. ஐந்து பதினேழு. தௌசீப் அல்லாவிடம் பஸ்ஸைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

ஐந்து பத்தொன்பதுக்கு பஸ் வந்தது. நீல ஓவர்கோட்டுகள் டிபன் பைகளோடு இறங்கின. முதலில் இறங்கிய பெண் மெஹக். தௌசீப்பின் பழைய வாடிக்கையாளர், ஆறாம் நம்பர் கால். அவன் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"கோவிந்தம்மா விஷயமா ரஃபத் ஆபா கூப்பிடறாங்க."

மெஹக் என்ன ஏது என்று கேட்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். முப்பத்துச் சொச்சம் பெண்கள், பேச்சு மூச்சில்லாமல், சந்துக்குள் நடக்க ஆரம்பித்தார்கள்.

திறந்த கதவுகள், திறந்த ஜன்னல்கள். உள்ளே பேசுவது நாலு வீடு தள்ளியே கேட்டது.

"இந்த வீட்ல சொல்யூஷனே கிடையாதுன்னு ஊருக்கே தெரியும் சார்" என்றது பூங்குழலியின் குரல். "அந்த டப்பாவால தீப்பிடிச்சா, வெளியிலேருந்து வந்ததுன்னு ஆம்பூர்ல சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அதைக் கீழ வைக்கச் சொல்லுங்க. உங்களுக்கு வேண்டியது நாலாவது பெட்டிதானே? இந்தாங்க."

தௌசீப் வாசலை எட்டினான். தடியன் ஒருவன் ரஃபத்தின் தோளை அழுத்திப் பிடித்திருந்தான். சூரியபிரகாஷ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நாலாவது பெட்டியைத் திறந்தார். நீண்ட, காலியான பள்ளம். அவர் அதை வெறித்துப் பார்த்தார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார்.

"எங்க அது?"

"எது சார்?"

"விளையாடாதீங்க. மூணு என்கிட்ட வந்துடுச்சு. நாலாவதை எங்க வெச்சிருக்கா இவ? அன்னிக்கு பூரா ஷிப்டையும் இவ சிநேகிதி படம் புடிச்சிட்டு இருந்தாளாமே. கோவிந்தம்மாவோட போன் எங்க?"

மெஹக் வாசற்படியில் ஏறி நின்றாள்.

"கோவிந்தம்மாக்கா அன்னிக்கு வேலைக்கே வரலன்னு சொன்னீங்களே சார்" என்றாள் மெஹக்.

சூரியபிரகாஷ் திரும்பினார். வாசலில், பின்கதவில், மூன்று ஜன்னல்களிலும் முகங்கள். எல்லாம் அவர் கொடுத்த நீல ஓவர்கோட்டில் இருந்தன. தடியனின் கை ரஃபத்தின் தோளிலிருந்து தானாக நழுவியது.

"இன்னா கூட்டம் இது? வீட்டுக்குப் போங்க எல்லாரும்!"

ஒருத்தியும் அசையவில்லை. கடைசி வரிசையில் யாரோ ஒருத்தி விம்முவது கேட்டது. "நானும் அன்னிக்கு உள்ளதான் இருந்தேன்" என்றது ஒரு குரல். "நானும்" என்றது இன்னொன்று. தௌசீப் எண்ணினான். ஏழு குரல் வரை எண்ணி நிறுத்திவிட்டான்.

பூங்குழலி கவிழ்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி மேஜையில் வைத்தாள்.

"நிரம்பி வந்த மூணையும் காலின்னு சொன்னீங்க. செஞ்ச நாள்லேருந்து காலியா இருக்கிற இந்தப் பெட்டியில போனைத் தேடறீங்க. இதுல போனே கிடையாது சார். இதுவரைக்கும் எங்க யாருக்கும் அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது."

சூரியபிரகாஷ் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். "வழி விடுங்க" என்றார். ஆயிரத்து இருநூறு பேர் கேட்டுப் பழகிய குரல். மெஹக் டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு, கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"மொதல்ல அந்தக் கிளவுஸைக் குடுங்க" என்றாள் ரஃபத் ஜஹான். "அவ மகன் கேக்கறான்."

சூரியபிரகாஷின் நெற்றி வியர்வை காலர்வரை வழிந்துகொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டது. காற்று உள்ளே வருகிறதற்கும் வெளியே போகிறதற்கும் வழியில்லாமல் எல்லாத் திறப்புகளையும் உடம்புகள் அடைத்துவிட்டன. அறை புழுங்கியது. மூடி கழன்ற டப்பாவிலிருந்து சொல்யூஷன் நெடி மெல்ல மேலே ஏறியது.

எட்டு மாசமாக ஒரு ஜன்னல் சாத்தியிருந்தாலும் மூச்சு முட்டி வெளியே ஓடிவந்துவிடுகிற ரஃபத் ஜஹான், தன் மேஜையருகிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரையும் நகரச் சொல்லவில்லை.